தண்ணீர்ச் சக்கரத்தை ஜப்தி செய்த வக்கீல்: பெஞ்சமின் பட்லரை எங்கே வைப்பது?

ஏரிக்கரை

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65, அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் நடந்தது) பற்றிய பேச்சு வந்தாலே லிங்கன், கிராண்ட், லீ என்று மூன்று பேரோடு நின்றுவிடுகிறோம். இரண்டு மாதமாக நான் பெஞ்சமின் பட்லரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். வக்கீல், அரசியல்வாதி, படைத்தலைவர் என மூன்றாகவும் இருந்தவர். படைத்தலைவராகத் தோற்றவர். அரசியல்வாதியாக எத்தனை முறை கட்சி மாறினார் என்று எண்ணவே நேரமாகும். ஆனால் வக்கீலாக அவர் செய்த ஒரு காரியம் போரின் போக்கையே திருப்பியது என்பது என் எண்ணம்.

1818இல் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா கரீபியன் தீவொன்றில் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். அம்மா மாசச்சூசெட்ஸில் லோவெல் என்ற ஆலை நகரத்துக்கு வந்து, தங்கும் விடுதி நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். பருத்தி ஆலைகளில் வேலை செய்த இளம்பெண்களுக்கு நடுவில்தான் பட்லர் வளர்ந்தார். 1840இல் வக்கீலானார்.

அந்தக் காலத்தைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. ஆலைப்பெண் ஒருத்திக்குச் சேர வேண்டிய கூலியை நிர்வாகம் கொடுக்கவில்லை. பட்லர் வழக்குப் போட்டார். ஈடாக எதை ஜப்தி செய்வது என்ற கேள்வி வந்தபோது, ஆலையை ஓட்டும் பெரிய தண்ணீர்ச் சக்கரத்தையே ஜப்தி செய்தார். சக்கரம் நின்றால் ஆலை நிற்கும். கூலி உடனே வந்துவிட்டது.

அவருடைய வாழ்க்கை முழுவதையும் இந்தக் கதையை வைத்தே படிக்கலாம் என்று நினைக்கிறேன். சொத்துக்காரன் தன் பாதுகாப்புக்கு எழுதி வைத்த சட்டத்தை எடுத்து அவன் மீதே திருப்பிப் பிடிப்பது. 1861 மே மாதம் வர்ஜீனியாவில் மன்றோ கோட்டையில் அவர் செய்ததும் அதுதான். சட்டம் தெரிந்தவர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்கத்தான் இந்த இழை.

வழக்குக்கட்டு

நல்ல இழை, அண்ணா. நான் சிவில் பக்கம் 20 வருடமாக வாதாடுகிறேன். மன்றோ கோட்டையில் நடந்ததை அந்தக் கண்ணோடு சொல்லிப் பார்க்கிறேன்.

1861 மே 23. தனிநாடாகப் பிரிந்து போவதை வர்ஜீனியா மக்கள் வாக்கெடுப்பில் உறுதி செய்த நாள். அன்று இரவு ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் சூவெல்ஸ் முனையிலிருந்து படகு வலித்து, வடக்கின் கையில் இருந்த அந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். தெற்குப் படைக்காகப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்களை விட்டிருந்தார்கள். அடுத்து வட கரோலினாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டார்கள். பட்லர் அந்தக் கோட்டைக்குப் பொறுப்பேற்று ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

மறுநாள் அவர்களுடைய உடைமையாளர் கர்னல் சார்லஸ் மல்லோரியின் சார்பில் மேஜர் ஜான் கேரி வெள்ளைக் கொடியோடு வந்தார். தப்பியோடிய அடிமைகள் சட்டம் 1850இலிருந்து அமலில் இருக்கிறதே, மூவரையும் திருப்பிக் கொடுங்கள் என்றார். அது அமெரிக்காவின் சட்டம், வர்ஜீனியாதான் தன்னை அந்நிய நாடு என்று சொல்லிக்கொள்கிறதே, அந்நிய நாட்டுக்கு இந்தச் சட்டத்தில் என்ன உரிமை என்று பட்லர் கேட்டார். நீங்கள்தானே நாங்கள் பிரிந்து போக முடியாது என்கிறீர்கள், அப்படியானால் சட்டம் எங்களுக்கும் பொருந்த வேண்டுமே என்றார் கேரி. கேரியும் லேசான ஆளில்லை, சரியான இடத்தில்தான் பிடித்தார். அதற்குப் பட்லர், பிரிந்துவிட்டதாகச் சொல்வது நீங்கள், ஆகவே நீங்கள் கேட்க முடியாது என்றார். கர்னல் மல்லோரி கோட்டைக்கு வந்து அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தால் மூவரையும் தருகிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

எங்கள் பேச்சில் இதற்குப் பெயர் முரண்தடை. ஒரு நிலைப்பாட்டை எடுத்து அதன் பலனை அனுபவிக்கிறவன், வசதிப்படும்போது அதற்கு நேர்மாறாகப் பேசிப் பரிகாரம் கேட்க முடியாது. அதற்கு மேல் பட்லரிடம் இன்னொரு வாதமும் இருந்தது. எதிரி போருக்குப் பயன்படுத்தும் சொத்து எதுவானாலும் பறிமுதல் செய்யலாம். இந்த மூவரையும் சொத்து என்று சொல்வது நீங்கள். பீரங்கி மேடை கட்ட வைத்ததும் நீங்கள். ஆகவே இவர்கள் போர்க்காலப் பறிமுதல் பொருள், ‘கான்ட்ராபாண்ட்’. அந்தச் சொல் அன்றே அவர் வாயில் வந்ததா, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. வாதம் அன்றைக்கு உரியதுதான்.

லிங்கனின் அமைச்சரவை ஒரு வாரத்துக்குள் அதை ஏற்றுக்கொண்டது. ஜூலை முடிவதற்குள் கோட்டைக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 900 பேர். ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முதல் பறிமுதல் சட்டத்தை நிறைவேற்றியது.

செவ்வாழை

இரண்டு பேர் எழுதியதும் நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு உறுத்துகிறது.

முதலில், படகு வலித்தவர்கள் யார்? அந்த இரவு மூவரும் கிளம்பாமல் இருந்திருந்தால் பட்லருக்கு வாதாட வழக்கே கிடைத்திருக்காது. கோட்டை திருப்பி அனுப்பியிருந்தால் அவர்களுக்குச் சவுக்கடி, அல்லது அதைவிட மோசம். அது தெரிந்துதான் வந்தார்கள்.

இரண்டாவது, பட்லர் அடிமை ஒழிப்புக்காரரே இல்லை. 1860இல் சார்ல்ஸ்டனில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஜெஃபர்சன் டேவிஸை ஜனாதிபதி வேட்பாளராக்க 57 சுற்றிலும் வாக்களித்தவர். அதே டேவிஸ்தான் சில மாதத்தில் தெற்கின் ஜனாதிபதியானார். 1861 ஏப்ரலில், இந்த மூவர் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, மேரிலாந்தில் அடிமைக் கலகம் வெடித்தால் என் படையோடு வந்து அடக்கித் தருகிறேன் என்று அந்த மாநில ஆளுநருக்கு எழுதியவரும் இவர்தான். மாசச்சூசெட்ஸ் ஆளுநர் ஆண்ட்ரூவே இதற்காக அவரைக் கண்டித்தார்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். பறிமுதல் பொருள் என்று சொன்ன வாதம் அவர்களைப் பொருளாகவே விட்டுவிட்டது. வந்தவர்களைக் கோட்டையில் வேலை வாங்கினார்கள். பேசிய கூலியில் துணிக்கும் உணவுக்கும் மற்றவர்களின் பராமரிப்புக்கும் என்று கழித்தது போகக் கைக்கு வந்தது சொற்பம். கூலிக்காரப் பெண்ணுக்காகச் சக்கரத்தை ஜப்தி செய்தது வேறு. இங்கே ஜப்தி செய்யப்பட்டது மனிதர்கள்.

ஏரிக்கரை

செவ்வாழை, மூன்றாவது பாயிண்டுக்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. முதல் இரண்டையும் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். தலைப்பில் அந்த மூவருக்கும் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

நீர்த்தொட்டி

பட்லர் ஆண்ட தெற்கு நகரமான நியூ ஆர்லியன்ஸைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று வருகிறேன். பொது சுகாதாரத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் கண்ணில் படுவது அதுதான்.

1862 மே 1 அன்று பட்லரின் படை அந்த நகரத்துக்குள் நுழைந்தது. மஞ்சள் காய்ச்சலுக்குப் பேர்போன ஊர். 1853இல் மட்டும் அங்கே 8,000 பேர் அளவுக்கு இறந்தார்கள். கோடை வந்தால் வடக்குச் சிப்பாய்கள் கொத்துக் கொத்தாக விழுவார்கள் என்று ஊர்க்காரர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். அப்பாவை அதே நோய்க்குப் பறிகொடுத்தவர் பட்லர் என்பதை ஏரிக்கரை சொல்லித்தான் இன்று கவனித்தேன்.

அவர் செய்தது இரண்டு வேலை. ஒன்று, நகரத்துக்குக் கீழே ஆற்றில் தடுப்பு நிலையம் வைத்து, வருகிற கப்பல்களை நிறுத்திச் சோதித்தது. சந்தேகமான கப்பல் வாரக்கணக்கில் அங்கேயே கிடக்க வேண்டும். இரண்டு, வேலையில்லாமல் கிடந்த ஏழைகளைக் கூலிக்கு எடுத்துத் தெரு, சாக்கடை, கால்வாய், சந்தை எல்லாவற்றையும் கழுவித் தள்ளியது. நோயைப் பரப்புவது கொசு என்று 1900இல்தான் நிரூபணமானது. பட்லருக்கு அது தெரியாது, கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பினார். ஆனாலும் தேங்கிய நீரை அகற்றியதும் கப்பலை நிறுத்தியதும் சரியான மருந்தாக அமைந்துவிட்டன. முற்றுகையால் கப்பல் போக்குவரத்து குறைந்திருந்ததும் ஒரு காரணம், அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கோடையில் கொள்ளைநோய் வரவில்லை. இறந்ததாக வழக்கமாகச் சொல்லும் எண்ணிக்கை இரண்டே பேர்.

இன்னொரு செய்தி உங்கள் தண்ணீர்ச் சக்கரக் கதையோடு நேராகச் சேரும். ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றவும் கூலி கொடுக்கவும் பணம்? நகரத்தைத் தெற்கின் சார்பில் பாதுகாக்கச் செல்வந்தர்கள் முன்பு 12 லட்சம் டாலருக்கு மேல் நிதி கொடுத்திருந்தார்கள். யார் எவ்வளவு என்ற பட்டியல் பட்லர் கையில் கிடைத்தது. அந்தப் பட்டியலையே வரிப்பட்டியலாக்கி, கொடுத்ததில் கால் பங்கை ஏழைகளுக்காகக் கட்டு என்று உத்தரவிட்டார்.

செவ்வாழை

ஐயா, அந்தச் சாக்கடை வேலையை மதிக்கிறேன். ஆனால் அதே மே மாதத்து 28ஆம் எண் உத்தரவையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும். சிப்பாய்களைச் சொல்லாலோ சைகையாலோ அவமதிக்கும் எந்தப் பெண்ணையும் தெருவில் தொழில் செய்யும் பெண்ணாகவே கருதி நடத்தலாம் என்று எழுதினார். ஊர்ப்பெண்கள் சிப்பாய்கள் மீது துப்பினார்கள், மாடியிலிருந்து அசுத்தத்தைக் கொட்டினார்கள் என்பதெல்லாம் தெரியும். இருந்தாலும் ஆயுதம் ஏந்திய படை பிடித்து வைத்திருக்கும் ஊரில், பெண்களைப் பற்றி இப்படி எழுதிக் கையெழுத்திடுவது எவ்வளவு ஆபத்து! லண்டனில் பிரதமர் பாமர்ஸ்டன் வரை கண்டித்தார்.

அப்புறம் வில்லியம் மம்ஃபோர்ட். கடற்படையினர் நாணயச்சாலை மேல் ஏற்றிய அமெரிக்கக் கொடியை இறக்கிக் கிழித்தவர். அது ஏப்ரலில், பட்லரின் படை ஊருக்குள் வருவதற்கு முன்பு. ஜூன் 7 அன்று அதே நாணயச்சாலையில் தூக்கிலிட்டார்கள். ஒரு துணிக்கு ஓர் உயிர். வருடக் கடைசியில் டேவிஸ் பட்லரைச் சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவித்து, பிடித்தால் தூக்கிலிடச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

பட்லரின் அண்ணன் அந்த நகரத்தில் வியாபாரம் செய்து பணம் குவித்ததையும் மறக்க வேண்டாம். ‘ஸ்பூன்’ பட்லர் என்ற பட்டப்பெயர் வந்ததே வெள்ளிக் கரண்டியைத் திருடினார் என்ற பேச்சால்தான்.

வழக்குக்கட்டு

கரண்டித் திருட்டு நிரூபிக்கப்படாதது, செவ்வாழை. அண்ணன் விஷயம் அப்படியில்லை, அதைக் கண்டும் காணாமல் இருந்தது பட்லரின் பிழை.

28ஆம் உத்தரவுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. தொழில் செய்யும் பெண் தெருவில் தொல்லை கொடுத்தால் அந்த ஊர்ச் சட்டப்படி ஓர் இரவு லாக்கப், மறுநாள் அபராதம். அவ்வளவுதான் என் நோக்கம் என்று பட்லர் சொன்னார். அவமதிப்பும் குறைந்துவிட்டது. ஆனால் ஒரு பெண்ணாகவும் வக்கீலாகவும் சொல்கிறேன், ஓர் உத்தரவை எழுதியவரின் மனதில் என்ன இருந்தது என்பதைவிட, தெருவில் நிற்கும் சிப்பாய் அதை எப்படிப் படிப்பான் என்பதுதான் முக்கியம். அந்த உத்தரவை நான் காப்பாற்ற மாட்டேன்.

மம்ஃபோர்ட் வழக்கு இன்னும் பலவீனம். நகரம் முறையாகச் சரணடையாத நேரத்தில் நடந்த செயலுக்கு, பின்னால் வந்த ராணுவ ஆணையம் மரண தண்டனை கொடுத்தது. நான் எதிர்த்தரப்பில் இருந்திருந்தால் அந்த ஒரு தேதியை வைத்தே வாதாடியிருப்பேன். பின்னாளில் மம்ஃபோர்டின் மனைவி ஆதரவற்று நின்றபோது வாஷிங்டனில் அவருக்கு அரசு வேலை கிடைக்கப் பட்லரே உதவினார். அதனால் தீர்ப்பு சரியாகிவிடாது.

ஏரிக்கரை

பட்லரின் போர்த்திறமையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்ட ஒன்றுமில்லை. 1861 ஜூனில் பிக் பெத்தலில் தோல்வி. 1864 மேயில் 30,000 பேருக்கு மேல் கொண்ட படையோடு பெர்முடா ஹண்ட்ரடில் இறங்கி, தெற்கின் தலைநகரான ரிச்மண்டை நோக்கி வேகமாகப் போகாமல் நின்று, தெற்குத் தளபதி போரகார்டிடம் மாட்டிக்கொண்டார். மூடி போட்டு இறுக்கிய பாட்டிலுக்குள் இருப்பதுபோல் அந்தப் படை கிடந்தது என்று வடக்கின் தலைமைத் தளபதி கிராண்ட் எழுதினார். அந்த வருடம் டிசம்பரில் தெற்கின் கையில் இருந்த ஃபிஷர் கோட்டை. 200 டன்னுக்கு மேல் வெடிமருந்தை ஒரு பழைய கப்பலில் ஏற்றிக் கோட்டைக்கு அருகில் வெடிக்க வைத்தார்கள். கோட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கிய படையையும் பட்லர் திருப்பி அழைத்துவிட்டார். 1865 ஜனவரியில் பதவி போனது. அடுத்த வாரமே வேறு தளபதி அந்தக் கோட்டையைப் பிடித்தார்.

இவ்வளவு நாள் லிங்கன் ஏன் வைத்திருந்தார் என்றால், ஜனநாயகக் கட்சியிலிருந்து போரை ஆதரித்தவர்களில் பட்லர் பெரிய பெயர். 1864 தேர்தல் முடியும்வரை அவரைத் தொட முடியவில்லை.

ஆனால் ஒரு நாளை மட்டும் நீட்டித்தான் சொல்வேன். 1864 செப்டம்பர் 29, நியூ மார்க்கெட் ஹைட்ஸ். கறுப்பினப் படைப்பிரிவுகளைத்தான் பட்லர் முன்னால் அனுப்பினார். இவர்கள் சண்டை போட மாட்டார்கள் என்று வடக்கிலேயே பேசிக்கொண்டிருந்த காலம். மேட்டைப் பிடித்தார்கள், பயங்கரமான உயிர்ச்சேதத்தோடு. அந்த ஒரு சண்டைக்காக 14 கறுப்பினச் சிப்பாய்கள் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தைப் பெற்றார்கள். பட்லர் தன் சொந்தப் பணத்தில் டிஃபனி நிறுவனத்தில் வெள்ளிப் பதக்கங்களும் செய்து கொடுத்தார்.

பத்து வருடம் கழித்து, 1874 ஜனவரியில், சிவில் உரிமை மசோதாவுக்காகக் காங்கிரஸில் உறுப்பினராகப் பேசும்போது அந்த நாளை நினைவுகூர்ந்தார். விழுந்து கிடந்த உடல்களை மிதிக்காமல் குதிரையை வளைத்து வளைத்து ஓட்டிப் போனதையும், இவர்களுடைய இனத்தின் உரிமையைக் காப்பேன் என்று அப்போது தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டதையும் சொன்னார். அந்தச் சட்டம் 1875இல் நிறைவேறியது. விடுதி, ரயில், நாடக அரங்கு எதிலும் நிறத்தைப் பார்த்து ஒதுக்கக் கூடாது என்றது. 1883இல் உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது.

செவ்வாழை

இந்தப் பகுதி எனக்குப் புதிது. 1861 ஏப்ரலில் அடிமைக் கலகத்தை அடக்க வருகிறேன் என்றவர் இதே ஆளா என்று இருக்கிறது. 1862 கோடையில்கூட, கறுப்பினத்தவருக்குத் துப்பாக்கி கொடுக்க வேண்டும் என்று கேட்ட தளபதி ஃபெல்ப்ஸிடம் அவர்களை வைத்து மரம் வெட்டச் சொன்னவர், ஃபெல்ப்ஸ் அதனாலேயே ராஜினாமா செய்தார். அதே பட்லர் செப்டம்பர் 27 அன்று நியூ ஆர்லியன்ஸில் கறுப்பின அதிகாரிகளோடு முதல் கறுப்பினப் படைப்பிரிவைச் சேர்த்துக்கொள்கிறார். இரண்டு மாதத்தில் ஆள் பலம் தேவைப்பட்டதால் மாறியிருக்கலாம். ஆனால் தேவை தீர்ந்த பிறகும், 1874இலும், அங்கேயே நின்றாரே.

வழக்குக்கட்டு

காங்கிரஸ் காலத்தைப் பற்றி என் பங்குக்கு ஒன்று. 1868இல், லிங்கனுக்குப் பின் வந்த ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மீதான பதவி நீக்க விசாரணையில் வழக்கைத் தொடங்கி வைத்துப் பேசியவர் பட்லர். குதிரை வியாபாரத் தகராறை நடத்துவது போலவே இதையும் நடத்தினேன் என்று பின்னாளில் அவரே எழுதினார். அதுதான் தவறு என்று நான் நினைக்கிறேன். சாட்சிச் சட்டத்தையும் ஷரத்தையும் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசினார். ஜான்சன் தெற்கில் விடுதலையானவர்களை யாரிடம் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் என்ற உண்மையான குற்றச்சாட்டு ஓரத்துக்குப் போய்விட்டது. பதவி நீக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 36 வாக்கு வேண்டும். கிடைத்தது 35க்கு 19. ஒரே ஒரு வாக்கில் ஜான்சன் தப்பினார்.

1883இல் ஒரு வருடம் மாசச்சூசெட்ஸ் ஆளுநராக இருந்தார். அப்போது ஜார்ஜ் ரஃபினை நீதிபதியாக நியமித்தார், அந்த மாநிலத்தின் முதல் கறுப்பின நீதிபதி. பெண்கள் சிறைக்கு, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பார்ட்டனைக் கண்காணிப்பாளராக்கினார். 1884இல் ஜனாதிபதித் தேர்தலில் சிறு கட்சிகளின் சார்பில் நின்று ஏறக்குறைய 1,75,000 வாக்குகள் வாங்கித் தோற்றார். 1893இல் இறந்தார்.

செவ்வாழை, உங்கள் மூன்றாவது பாயிண்டுக்கு இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். பதில் பட்லரின் கடிதங்களிலேயே இருக்கிறது. மூவர் வந்த நான்காம் நாளே, மே 27 அன்று, அப்போதைய தலைமைத் தளபதி ஸ்காட்டுக்கு எழுதுகிறார். குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பீரங்கி மேடை கட்டும் ஆணைப் பறிமுதல் செய்யலாம், கைக்குழந்தையை எந்தக் கணக்கில் எடுப்பது? அப்பா அம்மாவின் உழைப்பை எடுத்துக்கொண்டு குழந்தையைத் திருப்பி அனுப்ப முடியுமா? தன் வாதம் எங்கே உடைகிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் அவரேதான்.

ஜூலை 30 அன்று போர்த்துறை அமைச்சர் கேமரனுக்கு எழுதியது இன்னும் ஒரு படி மேலே. இவர்கள் அடிமைகளா, சுதந்திரர்களா என்று நேராகவே கேட்கிறார். சொத்து என்றே வைத்துக்கொள்வோம், உடைமையாளன் கைவிட்டு ஓடிவிட்டான், நடுக்கடலில் கைவிடப்பட்ட கப்பலைப் போல. அப்படிப்பட்ட கப்பல் மீட்டவனுக்குச் சேரும் என்பது கடல் சட்டம். மீட்டவர்கள் நாம். நமக்கு இப்படிப்பட்ட சொத்து வேண்டாம், வைத்துக்கொள்ளவும் மாட்டோம். அப்படியானால் சொத்து என்ற உறவே அற்றுப்போகிறது. இவர்கள் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் ஆகிவிடவில்லையா?

மே மாதத்தில் சொத்துச் சட்டத்தின் உள்ளே நின்று வாதாடியவர், ஜூலையில் அதே சட்டத்தின் வழியாகவே நடந்து வெளியே வந்துவிட்டார். 1863 ஜனவரியின் விடுதலைப் பிரகடனத்தில் வாஷிங்டன் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இன்னும் ஒன்றரை வருடம் ஆனது.

செவ்வாழை

ஜூலை 30 கடிதத்தை நான் படித்ததில்லை, அக்கா. ‘அவர்களைப் பொருளாகவே விட்டுவிட்டது’ என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். அந்த இரண்டு மாதத்தில் 900 பேர் வந்து நின்றதுதான் அவரை அந்தக் கேள்விக்குத் தள்ளியது என்பதை மட்டும் விடமாட்டேன்.

வழக்குக்கட்டு

விட வேண்டாம். கட்சிக்காரர் இல்லாமல் வக்கீல் இல்லை.

கடலோடி

நான் நார்ஃபோக்கில் வேலை பார்க்கிறேன், மன்றோ கோட்டைக்கு நான்கைந்து முறை போயிருக்கிறேன். இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

ஆறு பக்கக் கல்கோட்டை, சுற்றிலும் அகழி, இன்னும் தண்ணீர் நிற்கிறது. 2011இல் ஒபாமா அதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 1619இல் ஆப்பிரிக்கர்களை முதன்முதலாக வர்ஜீனியாவில் கொண்டு வந்து இறக்கியதும் இந்தக் கோட்டை நிற்கும் முனையில்தான். சுவருக்குள் ஓர் அறையை ஜெஃபர்சன் டேவிஸ் அடைபட்டிருந்த இடம் என்று காட்டுகிறார்கள். பட்லர் 57 முறை வாக்களித்த அதே டேவிஸ், 1865 மே மாதம் கைதாகி வந்தது அதே கோட்டைக்குத்தான். அவருடைய படைக்குப் பீரங்கி மேடை கட்டிய மூவரும் அங்கே வந்து அப்போது சரியாக நான்கு வருடம்.

கோட்டைக்கு வெளியே ஹாம்ப்டன் ஊரைத் தெற்குப் படையே 1861 ஆகஸ்டில் எரித்துவிட்டுப் போனது. தப்பி வந்தவர்கள் எரிந்து நின்ற புகைபோக்கிகளைச் சுற்றியே பலகை வீடுகள் கட்டிக் குடியேறினார்கள். மேரி பீக் என்ற கறுப்பின ஆசிரியை அவர்களுக்குப் பாடம் சொன்ன இடமாகக் காட்டும் ஓக் மரம் இன்றும் ஹாம்ப்டன் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது.

சூவெல்ஸ் முனை இப்போது கடற்படைத் தளம். பேக்கரும் மல்லோரியும் டவுன்சென்டும் படகை இறக்கிய கரையில் போய் நிற்க நமக்கு அனுமதி கிடையாது. கோட்டை மதில் மேல் ஏறினால் எதிர்க்கரையில் போர்க்கப்பல்கள் வரிசையாக நிற்பது தெரியும். நடுவில் இருக்கும் தண்ணீர் அகலமானது, நீரோட்டமும் உண்டு. இருட்டில் வலித்து வந்திருக்கிறார்கள்.